பின் சக்கரம் தள்ளும் வண்டி

மகளே,

இதை வண்டிக்குள் உட்கார்ந்து படிக்காதே. சிக்னலில் நிற்கிற அரை நிமிடத்தில் பாதிப் பக்கம் படித்துவிடலாம் என்று நினைக்கிற ஆள் நீ. அறைக்குப் போய் முகம் கழுவி, ஒரு காப்பி போட்டுக்கொண்டு நிதானமாக உட்கார். கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு சேர்த்து இதை அனுப்புகிறேன். பத்திரிகைகளை ஆபீஸில் எல்லாருக்கும் கொடு, இது உனக்கு மட்டும். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். மூன்று நாள் முயன்று பார்த்தேன். நீ "அப்பா" என்றதும் "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். முப்பது வருடம் வண்டி ஓட்டியவனுக்குப் பேச்சு மட்டும் இன்னும் முதல் கியரை விட்டு நகரவில்லை. எழுதினால் நடுவில் நீ அழுகிறாயா சிரிக்கிறாயா என்று பார்த்துப் பயப்பட வேண்டாம் என்பதால் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கோயம்புத்தூரிலிருந்து புது வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாயே, அதிலிருந்து தொடங்குகிறேன். புது வண்டி என்று நீதான் சொல்கிறாய், யாரோ ஐந்து வருடம் ஓட்டிக் கழித்த வண்டி அது. ஆனாலும் மூடியைத் திறந்து இன்ஜினைக் காட்டியபோது நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றது உண்மை. என் மீன் வண்டி மூன்றைச் சேர்த்தாலும் அந்த இழுவை வராது. பங்குச்சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். உன் அம்மா சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "இதுல மீன் பெட்டி ஒண்ணும் ஏத்தப்பிடாது, கேட்டேளா" என்றாள். குளச்சல் கடற்கரையில் மீன் வண்டி ஓட்டிய குடும்பத்துக்கு இப்படி ஒரு வண்டி வந்ததில் அவளுக்கு இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே, அன்று கோயிலுக்குப் போகும்போதுகூட ஒருமுறை திரும்பி அதைப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

பிறகு நாம் இரண்டு பேரும் தக்கலைப் பக்கம் ஒரு சுற்றுப் போனோம். வெயில் இருந்தவரை நீ ஓட்டியதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு வந்தேன். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, வளைவு முடிந்து ஸ்டியரிங் நேரான பிறகு மெல்ல மிதித்து, வண்டி என்ன நினைக்கிறது என்பதை உடம்பால் அறிந்து ஓட்டினாய். ஓட்டப் படித்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அப்புறம் மழை பிடித்தது. சாரல்தான். ஆனால் தார் நனைந்ததும் நீ வேறு ஆளாகிவிட்டாய். தோள் இரண்டும் காதைத் தொட்டன. வண்டி நடந்து போகிறவரின் வேகத்துக்கு வந்துவிட்டது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனை விடாமல் அழுத்தினார். நீ ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்காமலே கேட்டாய்: "அப்பா, அன்னைக்கு அந்த பஸ்ஸ முந்துங்கன்னு நான் கத்தாம இருந்திருந்தா, அம்மைக்க கை நல்லா இருந்திருக்கும், இல்லியா?"

நான் என்ன சொன்னேன்? "மழ விடட்டும் மக்களே, பைய போலாம்" என்றேன். பதினேழு வருடம் கழித்து மகள் கேட்ட கேள்விக்கு அப்பன் சொன்ன பதில் அது. வீட்டுக்கு வந்து நீ சாவியை மேசையில் வைத்துவிட்டு, "கல்யாணம் முடிஞ்சதும் இத வித்துரலாம்னு இருக்கேன்ப்பா. மழைன்னா எனக்குக் கையும் காலும் ஒதறுது" என்றாய். மறுநாள் காலையில் மழை விட்ட நேரம் பார்த்துக் கிளம்பிப் போனாய். வண்டியை நீ விற்பதும் வைத்துக்கொள்வதும் உன் இஷ்டம். ஆனால் நான் சொன்ன ஒரு பொய்யை நம்பி நீ அதை விற்கக் கூடாது.

அன்று நடந்ததை முழுவதும் சொல்கிறேன். நீ பாதிதான் பார்த்தாய், உனக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடம் லீவு. விடியற்காலையில் குளச்சலில் ஏலம் எடுத்த மீனை ஐஸ் போட்டு ஏற்றிக்கொண்டு, குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறைப் பக்கத்துக் கடைகளில் இறக்கிவிட்டுத் திரும்புவது என் தினப்படி வேலை. அணையைப் பார்க்க வேண்டும் என்று நீ அடம்பிடித்ததால் உன்னையும் அம்மாவையும் முன் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப்போனேன். அணையைப் பார்த்தோம், பொரித்துக் கொண்டுவந்திருந்த மீனைத் தின்றோம், திரும்பினோம். நீ நடுவில், அம்மா ஜன்னல் ஓரம். குலசேகரத்துக்கு வரும் வழியில் கோடையின் முதல் மழை பெய்யத் தொடங்கியது. நமக்கு முன்னால் ஒரு பஸ் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போயிற்று. இதுவரை உனக்கும் ஞாபகம் இருக்கும்.

உனக்குத் தெரியாதது இனிமேல்தான். ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் இறங்கி ஏறும் ஒரு வளைவு உண்டு. அக்கம்பக்கம் வீடு கிடையாது. மீன் விற்றுத் திரும்பும் வண்டிக்காரர்கள் எல்லாரும் அந்த இடத்தில்தான் பெட்டியின் அடைப்பைப் பிடுங்கி விடுவோம். ஐஸ் உருகிய தண்ணீரும் மீன் ரத்தமும் கொழுப்பும் சேர்ந்து ரோட்டில் ஓடும். ஊருக்குள் விட்டால் நாற்றம் என்று சண்டைக்கு வருவார்கள், இங்கே கேட்க ஆள் இல்லை. நானும் தினமும் விட்டேன். அது வெயிலில் காய்ந்து தாரோடு தாராகப் படிந்து கிடக்கும். முதல் மழை விழுந்ததும் பாசி பிடித்த படித்துறை மாதிரி ஆகிவிடும். அந்த வளைவு மழையில் வழுக்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் அந்த ரோட்டில் யாரும் இல்லை, ஏனென்றால் வழுக்க வைத்ததே நாங்கள்தான்.

இரண்டாவது, டயர். அதற்கு ஒரு வாரம் முன்புதான் இரண்டு புது டயர் வாங்கினேன். ஸ்டியரிங் முன் சக்கரத்தில் இருக்கிறது, அதனால் உயிரும் முன் சக்கரத்தில்தான் இருக்கிறது என்று நினைத்து இரண்டையும் முன்னால் போட்டேன். முன்னால் கிடந்த மொட்டை டயரைப் பின்னால் மாட்டினேன். உன் பெரிய மாமா பார்த்துவிட்டு, "எலே மாப்ள, தள்ளுகது பின் சக்கரமாக்கும். நல்லத பின்னால போடு" என்று இரண்டு தடவை சொன்னார். அவர் என்ன டிரைவரா என்று நான் காதில் வாங்கவில்லை. மூன்றாவது, வண்டி காலி. ஐஸும் மீனும் நிறைந்திருக்கும்போது அந்த எடை பின் சக்கரத்தைத் தரையோடு அழுத்தி வைக்கும், மழையிலும் பயமில்லை. காலியாகத் திரும்பும்போது பின்பக்கம் காகிதமாக இருக்கும். போகும்போது பத்திரமாகப் போய்விட்டு, வீட்டுக்குத் திரும்பும்போது உருண்ட மீன் வண்டிகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அவர்களை எல்லாம் சூதானம் இல்லாதவர்கள் என்று கேலி பேசியும் இருக்கிறேன்.

நான்காவதுதான் நீ கேட்ட கேள்விக்குப் பதில். பஸ் இறைத்த சேறு கண்ணாடியில் வந்து அடிக்க அடிக்க எனக்கு எரிச்சல் ஏறிக்கொண்டிருந்தது. அந்த வளைவின் ஏற்றத்தில் பஸ் திணறுகிறது, இதுதான் சமயம் என்று கியரை இறக்கிவிட்டேன். நான் கியரை இறக்கியதால்தான் இன்ஜின் உறுமியது. அந்த உறுமலைக் கேட்டுத்தான் நீ குதித்து எழுந்து, "அப்பா, முந்துங்க முந்துங்க" என்று கை தட்டினாய். நன்றாகப் படித்துக்கொள் மகளே. முதலில் கியர், அப்புறம்தான் உன் சத்தம். நீ சொல்லி நான் மிதிக்கவில்லை. நான் மிதிக்கப் போகிறேன் என்று தெரிந்து நீ சந்தோஷப்பட்டாய், அவ்வளவுதான். வளைவு முடியும் முன்பே காலை முழுதாக அழுத்தினேன். பின்பக்கம் வெளியே ஓடியது. பயத்தில் காலைச் சட்டென்று எடுத்துப் பிரேக்கையும் மிதித்தேன், அது இன்னொரு தப்பு. வண்டி ஒரு சுற்றுச் சுற்றி அம்மா இருந்த பக்கமாக ரப்பர் மரத்தில் போய் மோதியது.

ஆஸ்பத்திரியில் உன் பெரிய மாமா வந்து நின்றார். உள்ளே அம்மாவுக்கு நொறுங்கிப்போன இடது தோள்பட்டையைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் டயரைப் பற்றிக் கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். மாமாமார் மூன்று பேர், சித்திகள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று இருபது பேர் முன்னால் நான் சொன்னேன்: "பிள்ளை பக்கத்துல கெடந்து முந்து முந்துன்னு கத்துனா. எனக்குக் கை பதறிட்டு." நீ அங்கேதான் இருந்தாய், நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. எல்லாரும் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெரிய மாமா, "ஏட்டி, வண்டி ஓட்டுகவங்கள இப்படி அவசரப்படுத்துவியா?" என்று கேட்டார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். நான் பேசாமல் இருந்தேன். வண்டி சுற்றியது ஒரு நொடியில் நடந்த தப்பு. இதை நான் வேண்டுமென்றே செய்தேன், அப்புறம் பதினேழு வருடம் தினமும் செய்தேன்.

சின்னப் பிள்ளை மறந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு, ஓட்டப் படிக்கும்வரை, நீ முன் சீட்டில் உட்காரவே இல்லை என்பதைப் பார்த்தேன். காலேஜில் எல்லாப் பிள்ளைகளும் ஸ்கூட்டர் கேட்டபோது நீ பஸ்ஸே போதும் என்றாய், அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, நம்ம பிள்ளை எவ்வளவு அடக்கம் என்று ஊரில் பெருமையடித்துக்கொண்டேன். இதைவிடக் கேவலம் உண்டா?

நேற்று மத்தியானம் உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பத்திரிகைகளில் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். டயர், மீன் தண்ணீர், கியர் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு, "பின் டயரு மொட்டைன்னு எனக்குத் தெரியாதாக்கும்? அண்ணன் எனக்கும் சொன்னாருல்லா. வெக்கப்பட்டுப் பொய் சொல்லுகாரு, போட்டும்னு விட்டேன்" என்றாள். நீ ரோட்டோரத்தில் என்னிடம் கேட்டதைச் சொன்னதும்தான் அவள் முகம் மாறியது. பிறகு சொன்னாள்: "எனக்க கையில ஒரு பைகூடத் தர மாட்டா. சந்தைக்குப் போனா எல்லாத்தையும் அவளே சுமப்பா. நான் அத பாசம்னு நெனச்சிட்டு இருந்தேனே." பாசமும்தான் என்றேன். "நீங்க பேசாதீங்க" என்றாள். இன்று காலைவரை என்னோடு அவளுக்குப் பேச்சு இல்லை. காப்பி மட்டும் நேரத்துக்கு வந்தது. அவள் கோபம் நியாயமானது, அதை நான் அனுபவித்துத் தீர்க்கிறேன்.

இனி வண்டிக்கு வருகிறேன், ஏனென்றால் நீ அதை ஓட்ட வேண்டும் என்பது என் ஆசை. அந்த விபத்துக்கு இரண்டு வருடம் கழித்து நான் கல்ஃபுக்கு வீட்டு டிரைவராகப் போனது உனக்குத் தெரியும். அங்கே என் கையில் கொடுத்தது உன் வண்டியைப் போலவே பின் சக்கரம் தள்ளும் பெரிய வண்டி. அந்த ஊரில் மழை எப்போதாவது ஒருமுறை பெய்யும், பெய்தால் ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் ஊறி ஊரே வழுக்கும். முதல் மழை அன்று சாவியை வைத்துக்கொண்டு வாசல் கேட் அருகே சிலை மாதிரி நின்றேன். முதலாளி நல்ல மனுஷர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு அவரே ஓட்டினார். சாயங்காலம் அவரிடம் அனுமதி கேட்டு, ஆள் அரவம் இல்லாத ஒரு பெரிய பார்க்கிங் மைதானத்துக்கு வண்டியைக் கொண்டுபோனேன். தண்ணீர் தேங்கிய தரையில் மெதுவான வேகத்தில் வேண்டுமென்றே காலைக் கூடுதலாக அழுத்திப் பின்பக்கத்தை வழுக்கவிட்டேன். முதல் தடவை அலறினேன். பத்தாவது தடவை, வழுக்குவதற்குக் கொஞ்சம் முன்னால் இடுப்பில் ஒரு லேசான நழுவல் தெரிகிறது என்று கண்டுபிடித்தேன். முப்பதாவது தடவை சிரித்துவிட்டேன்.

அங்கே படித்ததைத்தான் உனக்குச் சொல்கிறேன். முன் சக்கரம் இழுக்கிற வண்டி மழையில் அதிகமாக மிதித்தால் திரும்ப மறுத்து நேராகப் போகப் பார்க்கும். பின் சக்கரம் தள்ளுகிற வண்டி அதிகமாக மிதித்தால் முதுகைக் காட்டும். அதனால் உன் வண்டியில் மழைக்காலத்தில் எல்லாம் வலது காலில் இருக்கிறது. பிரேக்கை நேர் ரோட்டிலேயே பிடித்து முடித்துவிடு, வளைவுக்குள் கால் அசையாமல் இருக்கட்டும், ஸ்டியரிங் நேரானால்தான் மிதி. அதுவும் நனைந்த படியில் கால் வைக்கிற மாதிரி மெல்ல மெல்ல. பின்பக்கம் நழுவினால் காலைச் சட்டென்று பிடுங்காதே, பிரேக்கைத் தொடாதே. பையக் காலைத் தளர்த்து, மரத்தைப் பார்க்காமல் நீ போக வேண்டிய ரோட்டைப் பார், கை தானாக அங்கே திருப்பும். நான் அன்று மரத்தைத்தான் பார்த்தேன், மரத்துக்கே போனேன்.

தண்ணீர் தேங்கிக் கிடந்தால் அதற்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து நேராகக் கட. நல்ல டயர் இரண்டுதான் கையில் இருந்தால் அது பின்னால்தான், யார் என்ன சொன்னாலும். காற்று எவ்வளவு என்று மாதம் இருமுறை பார். வழுக்கலைத் தடுக்க, வண்டி வழுக்குகிற படம் போட்ட ஒரு பட்டன் உன் வண்டியில் இருக்கிறது, அதை அணைத்துவிட்டு ஓட்டுவதை வீரம் என்று சில பையன்கள் நினைக்கிறார்கள். நீ தொடாதே. அதே நேரம் அதை நம்பி ஆடவும் ஆடாதே, டயர் மொட்டையானால் அதுவும் கையை விரித்துவிடும். வேகம் கூட்டித் தரும் ஸ்போர்ட்டும், தானாக வேகம் பிடிக்கும் குரூஸும் மழையில் வேண்டாம். பல நாள் காய்ந்து கிடந்த ரோட்டில் பெய்யும் முதல் மழையின் முதல் அரை மணி நேரம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்துகொள். நம்மூர்ப் பக்கம் வந்தால் மீன் வண்டிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வராதே. அந்த அடைப்பைப் பிடுங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பார்த்த இடத்தில் எல்லாம் நான் சண்டை பிடிக்கிறேன், என்னைக் கிறுக்கன் என்கிறார்கள்.

நீ இருக்கிற கோயம்புத்தூரிலேயே பந்தய வண்டி ஓட்டிப் பழக்கும் இடங்கள் இருக்கிறதாமே. நனைந்த தரையில் வழுக்கவிட்டுச் சொல்லிக்கொடுக்கிறார்களா என்று விசாரி. இருந்தால் ஒரு நாள் போய்வா, மாப்பிள்ளையையும் கூட்டிப் போ. அவருக்கு ஓட்டத் தெரியாது என்று வெட்கப்பட்டுச் சொன்னார், எனக்கு அவரைப் பிடித்துப்போனதே அந்த ஒரு பேச்சில்தான். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆளோடு எவ்வளவு தூரமும் போகலாம். கல்யாணத்துக்கு அப்புறம் இரண்டு பேரும் மலைப்பக்கம் போகப் போவதாகச் சொன்னீர்கள். மழைதான் பெய்யும், பெய்யட்டும். உனக்குக் கை நடுங்கினால் ஓரமாக நிறுத்து, நடுக்கம் நின்றதும் எடு. நடுங்குகிற கை மோசமான கை இல்லை. என் கை அன்று கொஞ்சமும் நடுங்கவில்லை, அதுதான் கெட்டது. உன்னிடம் கவனம் இருக்கிறது, பழக்கம் மட்டும்தான் இல்லை. அது ஒரே மழைக்காலத்தில் வந்துவிடும். நீ என்னைவிட நன்றாக ஓட்டுவாய், வெயிலில் இப்போதே ஓட்டுகிறாய்.

கடைசியாக ஒன்று. கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் உன் மாமாமார், சித்திகள், அன்று ஆஸ்பத்திரியில் நின்ற அத்தனை பேரும் நம் வீட்டில் கூடுவார்கள். செபமாலை சொல்லி முடித்ததும் நான் எழுந்து பேசப் போகிறேன். கல்யாண வீட்டில் எதற்கு இந்தப் பேச்சு என்று யாராவது இழுப்பார்கள். இருபது பேர் முன்னால் உன் தலையில் வைத்ததை உன்னிடம் மட்டும் காதோடு காதாகச் சொல்லி எடுத்துவிட முடியாது. பெரிய மாமாவுக்கு வயது எழுபது ஆகிறது, காது மந்தம், அதனால் சத்தமாகவே சொல்வேன். நீ அடுக்களைக்குள் போய் நின்றுகொள்ளாதே. எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார். அவர்கள் அன்று திரும்பிப் பார்த்த மாதிரி இன்னொரு தடவை உன்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அப்போது நீ தலையைக் குனியக் கூடாது. குனிய வேண்டியவன் உன் முன்னால் நின்று பேசிக்கொண்டிருப்பான்.

உன் அப்பா